பந்து கையிலா, தண்ணீரிலா?

நீச்சல் குளத்தில் நீந்தியபடியே பந்தைக் கோலுக்குள் எறியும் ஆட்டமான வாட்டர் போலோவை முதன்முறை பார்ப்பவருக்கு நடுவர் மேல்தான் எரிச்சல் வரும். ஓயாமல் விசில் ஊதுகிறார், ஆனால் ஆட்டமும் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே பெரும்பாலான விசில்களுக்கு 'பந்தை அவரிடம் விடு, ஆட்டம் தொடரட்டும்' என்பதற்கு மேல் பொருள் இல்லை.

குழப்பம் தீர ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். பந்து கையில் உள்ளவரைப் பிடிக்கலாம், இழுக்கலாம், தண்ணீரில் அமுக்கவும் செய்யலாம். பந்தை விட்டுவிட்டவரைத் தடுத்தால் ஃபவுல். பந்தை முன்னால் மிதக்கவிட்டு நீந்துபவரும் 'பந்தை வைத்திருப்பவர்' ஆகமாட்டார். இன்னொரு வேடிக்கை: மோதலில் எதிராளி உங்கள் கையை அழுத்தியதால் பந்து நீருக்குள் போனாலும் குற்றம் உங்களுடையதுதான்! எனவே நெருக்கினால் தேர்ந்த ஆட்டக்காரர் பந்தை விட்டுவிடுவார். எதிராளியின் கை அப்போதும் அவர் மேல் இருந்தால் விசில், அவர் அணிக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் பந்தை எறியும் வாய்ப்பு. கோலிலிருந்து 6 மீட்டருக்கு வெளியே என்றால் அந்த த்ரோவையே நேராகக் கோலுக்கு அடிக்கலாம்.

இது சாதாரண ஃபவுல். எத்தனை செய்தாலும் செய்தவர் கணக்கில் ஏறாது. பந்து கையில் இல்லாதவரைப் பிடித்து நிறுத்தினாலோ, அமுக்கினாலோ, பின்னால் இழுத்தாலோ கதை வேறு. செய்தவர் தற்காலிகமாக வெளியேற வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அது 20 வினாடி. அதற்குள் கோல் விழுந்தாலோ, அவர் அணிக்குப் பந்து கிடைத்தாலோ முன்னதாகவே திரும்பலாம். அதுவரை கோல்கீப்பருக்கு முன்னால் ஐந்து பேர், எதிரே ஆறு பேர். கோல்கள் விழும் நேரம் இது. இத்தகைய பெரிய ஃபவுல் மூன்று சேர்ந்தால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது.

காதை மூடிய தொப்பி, தெறிக்கும் தண்ணீர், கூட்டத்தின் இரைச்சல். நடுவர் வாயால் சொல்லி யார் காதில் விழும்? அதனால் கைதான் பேசுகிறது. ஒரு கை, பந்து கிடைத்த அணி தாக்கும் திசையையும், மறு கை பந்து வைக்க வேண்டிய இடத்தையும் காட்டினால் சாதாரண ஃபவுல். ஒருவரைச் சுட்டி, கையைச் சட்டென்று வெளிப்பக்கம் வீசினால் வெளியேற்றம். பிறகு தொப்பி எண் விரல்களில் வரும். இறுக்கிய முஷ்டி என்றால் பத்து. முஷ்டியோடு மறு கையில் இரண்டு விரல் என்றால் பன்னிரண்டு. ஐந்து விரலையும் விரித்துக் கையை உயர்த்தினால் பெனால்டி, 5 மீட்டரிலிருந்து. இரு கைகளையும் குறுக்காக வைத்தால் வன்முறை: செய்தவர் திரும்ப முடியாது, எதிரணிக்கு பெனால்டி, அவர் அணி 4 நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும்.

அப்படிப்பட்ட வன்முறைக்குப் பேர்போன ஆட்டம் ஒன்று உண்டு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரியும் சோவியத் யூனியனும் மோதின. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் எழுந்த கிளர்ச்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. நீருக்கு அடியில் உதையும் குத்துமாகவே ஆட்டம் போனது. கடைசி நிமிடங்களில் சோவியத் வீரர் வாலன்டின் புரோகோபோவ் விட்ட குத்தில் ஹங்கேரியின் எர்வின் சாடோருக்குக் கண்ணருகே கிழிந்தது. ரத்தத்தோடு அவர் வெளியேறியதும் பார்வையாளர்கள் கொதித்தெழ, ஆட்டத்தை அங்கேயே நிறுத்தினார்கள். 4-0 என்று முன்னணியில் இருந்த ஹங்கேரிக்கே வெற்றி. அடுத்து யூகோஸ்லாவியாவை வென்று அது தங்கம் வாங்கியபோது சாடோர் தண்ணீரில் இல்லை.