அளப்பது எது, ஊகிப்பது எது?

ஒரு நாள் காலை மெதுவாக ஓடிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கவில்லை. கூட யாராவது வந்திருந்தால் கதை பேசிக்கொண்டே ஓடியிருக்கலாம், அவ்வளவு நிதானம். கையிலிருந்த ஸ்மார்ட் வாட்ச்சைப் பார்த்தால், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 172 என்று சிவப்பில் காட்டுகிறது. பயந்துபோய் நின்றேன். கழுத்தோரம் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணினேன். 33 துடிப்பு. நான்கால் பெருக்கினால் 132.

மறுபடி ஓடத் தொடங்கி, இந்த முறை காலடிகளை எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 172-ஐ ஒட்டி வந்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. வாட்ச் என் இதயத்தை எண்ணவே இல்லை, காலைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

வாட்ச் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. அது வேலை செய்யும் விதமே அப்படி. அந்த விதம் தெரிந்தால், உடற்பயிற்சிக்கு எந்தக் கருவியை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம் என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

வாட்ச்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சை விளக்கு மினுங்கும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மணிக்கட்டுத் தோலுக்கடியில் உள்ள நுண்ணிய நாளங்களில் ரத்தம் கொஞ்சம் கூடுகிறது, அதனால் தோலிலிருந்து திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறைகிறது. அடுத்த கணம் ரத்தம் வடிய, ஒளி கூடுகிறது. விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஒளி உணரி இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. 1930-களிலேயே ஆய்வுக்கூடங்களில் பயன்பட்ட உத்திதான் இது.

சிக்கல் எங்கே என்றால், திரும்பி வரும் ஒளியில் துடிப்போடு சேர்ந்து மாறும் பகுதி மிக மிகச் சிறியது. பெரும்பங்கு தோலிலும் திசுக்களிலும் பட்டு மாறாமல் வருவது. கையை வீசி ஓடும்போது வாட்ச் தோலிலிருந்து ஒரு மயிரிழை விலகி ஒட்டுகிறது, கைக்குள் ரத்தமும் குலுங்குகிறது. இந்தக் குலுக்கல் இதயத்தின் சைகையைவிடப் பெரியதாகிவிடும். குலுக்கலைக் கழித்துவிட உள்ளே மென்பொருள் இருக்கிறது. ஆனால் காலடித் தாளம் சீராகவும் வலுவாகவும் இருந்தால், சில நேரம் அதையே இதயம் என்று நம்பிப் பிடித்துக்கொள்ளும். ஓட்டக்காரர்கள் இதைக் ‘கேடன்ஸ் லாக்’ என்பார்கள்.

வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நகராதபடி இறுக்கிக் கட்டினால் பிழை குறையும். குளிரில் நாளங்கள் சுருங்கியிருக்கும், அதனால் உடல் சூடாகும் வரை வரும் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இடத்தில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் மை ஒளியைத் தின்றுவிடும். டம்பெல்லை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கி, தசைநாண்கள் முறுகி, எண் தாறுமாறாகப் போகும்.

மார்பில் கட்டும் பட்டை இந்தத் தொல்லையில் மாட்டாது, ஏனென்றால் அது ஒளியை நம்புவதில்லை. இதயத் தசை சுருங்குவதற்கு முன் ஒரு மின் அலை அதன் வழியே ஓடும். அதன் எதிரொலி மார்புத் தோலில் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் அளவுக்குத் தெரியும். டச்சு உடலியலாளர் வில்லெம் ஐன்தோவன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத் துல்லியமாகப் பதிவு செய்து காட்டினார், 1924-இல் நோபல் பரிசும் வாங்கினார். மருத்துவமனையில் எடுக்கும் இ.சி.ஜி. அதிலிருந்து வந்ததுதான். ஃபின்லாந்தில் 1977-இல் தொடங்கிய போலார் நிறுவனம் அதே கொள்கையைப் பட்டைக்குள் அடக்கி, 1982-இல் கம்பியில்லாமல் துடிப்பை அனுப்பும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பட்டையில் இரண்டு மின்முனைகள் உண்டு. காய்ந்த தோல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது, அதனால் கட்டும் முன் அவற்றைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். நனைக்காமல் கட்டிவிட்டு, முதல் பத்து நிமிடம் கோமாளித்தனமான எண்களைப் பார்த்துப் பட்டையைத் திட்டுகிறவர்கள் நிறைய. வியர்வை வந்ததும் தானாகச் சரியாகிவிடும்.

சரி, அப்படியானால் எல்லோரும் பட்டை வாங்க வேண்டுமா? நீங்கள் என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீண்ட தூரம் ஓடுபவருக்கும் சைக்கிள் மிதிப்பவருக்கும் துடிப்பு நல்ல வழிகாட்டி. அதே பாதை, அதே வேகம், முன்பைவிடக் குறைந்த துடிப்பு என்றால் உடல் தேறுகிறது என்று அர்த்தம். பாரம் தூக்குபவருக்கு அது அவ்வளவாக உதவாது. பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் ஐந்து எண்ணிக்கை இருபது, முப்பது விநாடிக்குள் முடிந்துவிடும். இதயமோ சற்றுத் தாமதமாகத்தான் வேகமெடுக்கும், உச்சத்தைத் தொடும்போது நீங்கள் பார்பெல்லை ஸ்டாண்டில் வைத்திருப்பீர்கள். அப்படியே உச்சத்தைத் தொட்டாலும், தொடையின் பலம் கூடியதா என்பதை அது சொல்லாது.

துடிப்பைப் பார்த்து ஓடுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. எவ்வளவு கடுமையாக ஓடுகிறீர்கள் என்று வாட்ச் காட்டும் நீலம், பச்சை, சிவப்பு மண்டலங்கள் பெரும்பாலும் ‘220-இலிருந்து வயதைக் கழி’ என்ற கணக்கில் தொடங்குபவை. 1970-களின் தொடக்கத்தில் கிடைத்த தரவுகளின் மேல் போட்ட உத்தேசக் கோடு அது. ஒரே வயதுக்காரர்களிடையே உச்சத் துடிப்பு அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்பு விலகுவது சாதாரணம். நாற்பது வயதுக்காரருக்குக் கணக்கு 180 சொல்லும், நிஜத்தில் 168-ஆகவும் இருக்கலாம், 192-ஆகவும் இருக்கலாம். பட்டை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், அந்த எண்ணை வைத்துப் பார்க்கும் அளவுகோல் உங்களுடையது இல்லையே.

இப்போது கலோரிக்கு வருவோம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. உடல் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டுமானால், முகமூடி மாட்டி, உள்ளே போகும் ஆக்ஸிஜனையும் வெளியே வரும் கார்பன் டை ஆக்ஸைடையும் அளக்க வேண்டும். வாட்ச்சிடம் இருப்பது துடிப்பு, அசைவு, நீங்கள் கொடுத்த வயது, எடை, உயரம், அவ்வளவுதான். மீதியெல்லாம் ஊகம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் இருந்தன. கலோரியில், இருப்பதிலேயே நல்ல கருவிக்கு சராசரிப் பிழை 27 சதவீதம். இருப்பதிலேயே மோசமானதற்கு 93. ‘400 கலோரி எரித்துவிட்டேன்’ என்று வாட்ச்சை நம்பி, அந்த 400-ஐயும் கூடுதலாகச் சாப்பிட்டால், எடை ஏன் இறங்கவில்லை என்று பிறகு குழம்ப வேண்டியதுதான்.

தூக்கத்தின் நிலைகளும் இதே ரகம். ஆழ்ந்த தூக்கமா, கனவுத் தூக்கமா என்பது மூளையின் மின் அலைகளில் தெரியும் விஷயம், மணிக்கட்டில் தெரிவதல்ல.

காலடி எண்ணிக்கை இவற்றைவிட நேர்மையானது. வாட்ச்சுக்குள் ஒரு சிலிக்கான் துண்டில் மிக நுண்ணிய எடை ஒன்று சுருள்வில் போன்ற இழைகளில் தொங்குகிறது. கை அசைந்தால் அது பின்தங்கும், அந்த நகர்வை மின்னூட்ட மாற்றமாகப் படிக்கிறார்கள். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை அசையாது, பல அடிகள் கணக்கில் வராது. கை தட்டினால் வராத அடியும் வந்துவிடலாம். இருந்தாலும் நாளுக்கு நாள் ஒப்பிடப் போதுமானது. பத்தாயிரம் என்ற இலக்கு மட்டும் மருத்துவத்திலிருந்து வந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் ‘மான்போகேய்’ என்ற நடைமானி விற்பனைக்கு வந்தது. பெயரின் பொருளே ‘பத்தாயிரம் அடி மானி’. அங்கிருந்து தொற்றிக்கொண்ட எண் அது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 72 வயதுள்ள பெண்களிடம், நடை கூடக்கூட இறப்பு விகிதம் குறைந்தது, ஆனால் ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

நாளுக்கு நாள் ஒப்பிடலாம் என்றேனே, கருவி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். தினமும் ஒரே அளவு பொய் சொல்லும் கருவியோடு குடும்பம் நடத்தலாம். எப்போதும் அரை கிலோ கூட்டிக் காட்டும் எடை மெஷினில் உங்கள் எடை குறைகிறதா இல்லையா என்பது சரியாகவே தெரியும். நேரத்துக்கு ஒரு பொய் சொல்வதுதான் ஆபத்து, முன்னேற்றமா பிழையா என்று பிரிக்க முடியாமல் போகும்.

கொழுப்பு சதவீதம் காட்டும் எடை மெஷின் இந்த இரண்டாவது வகை. வெறுங்காலோடு ஏறி நின்றால், உணர முடியாத சிறு மின்னோட்டம் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கும். தசையில் முக்கால் பங்கு நீர், அதனால் மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் நீர் குறைவு, தடை அதிகம். மெஷின் அளப்பது அந்தத் தடையை மட்டும்தான். அதோடு எடை, உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கொழுப்பு என்று அறிவிக்கிறது. மின்சாரம் பெரும்பாலும் காலோடும் இடுப்போடும் திரும்பிவிடுவதால் தோளிலும் கையிலும் என்ன இருக்கிறது என்று அதற்கு நேரடியாகத் தெரியாது. ஒரு சோதனை செய்து பாருங்கள். மெஷினில் ஏறி எண்ணைக் குறித்துக்கொண்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே மறுபடி ஏறுங்கள். எடை அரை கிலோ கூடியிருக்கும். ஆனால் தண்ணீர் இன்னும் இரைப்பையில்தான் கிடக்கிறது, மின்தடை அவ்வளவாக மாறியிருக்காது. நீங்கள் குடித்தது தண்ணீர், மெஷின் அதைக் கொழுப்புக் கணக்கில் எழுதப் பார்க்கும். வாங்கியேவிட்டீர்கள் என்றால், காலையில் எழுந்து கழிவறைக்குப் போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் ஏறுங்கள். அன்றன்றைய எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியைப் பாருங்கள். சாதாரண எடை மெஷினுக்கும் இதே முறைதான், ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது ஒன்றும் அதிசயமில்லை.

பாரம் தூக்குபவர்களுக்கு என்று வந்தால், அளவு ஏற்கெனவே இரும்பில் பொறித்திருக்கிறது. எத்தனை கிலோ, எத்தனை முறை. இதைவிட நம்பகமான சென்சார் எதற்கு? தசை வளர்வதற்குப் பாரமோ எண்ணிக்கையோ கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், இந்த ‘கொஞ்சம்’ என்பதில்தான் பலரும் முட்டி நிற்கிறார்கள். பெரிய தசைக்கு 60 கிலோவிலிருந்து 62.5 கிலோ என்பது 4 சதவீத ஏற்றம். தோளுக்காகக் கையைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியில் 5 கிலோ டம்பெல்லுக்கு அடுத்தது 7.5 கிலோ என்றால், அது ஒரே தாவலில் 50 சதவீதம். முடியாமல் உடம்பை ஆட்டி வீசித் தூக்குவோம், தோளுக்குப் போக வேண்டிய வேலை இடுப்புக்குப் போகும். அரை கிலோ, கால் கிலோ எடையுள்ள குட்டி பிளேட்டுகள் கிடைக்கின்றன, காந்தத்தால் டம்பெல்லில் ஒட்டிக்கொள்பவையும் உண்டு. பேட்டரி கிடையாது, ஆப் கிடையாது. என்னைக் கேட்டால், ஜிம் பையில் முதலில் போக வேண்டியது இதுதான்.

கை ஸ்ட்ராப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் முதுகும் தொடையும் இன்னும் தயாராக இருக்கும்போதே விரல்கள் விட்டுவிடும். ஸ்ட்ராப் கம்பியை மணிக்கட்டோடு கட்டிவிடுவதால் பலவீனமான கண்ணி விலகுகிறது. ஆனால் எல்லா செட்டுக்கும் (ஒரு மூச்சில் தொடர்ந்து செய்யும் சுற்றுக்குத்தான் செட் என்று பெயர்) கட்டினால் பிடி வளரவே வளராது, கடைசி ஓரிரு செட்டுக்குப் போதும். இடுப்பு பெல்ட்டைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது முதுகை வெளியிலிருந்து தாங்கிப் பிடிப்பதில்லை. மூச்சை இழுத்து வயிற்றை உப்பி பெல்ட்டுக்கு எதிராகத் தள்ளும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தம் முதுகெலும்புக்கு முன்பக்கத்திலிருந்து முட்டுக் கொடுக்கிறது. தள்ளத் தெரியாதவருக்கு அது வெறும் அகலமான பெல்ட்.

பயிற்சிக்கான ரப்பர் பேண்டில் இழுக்க இழுக்க விசை கூடும், அதனால் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதே எடை. தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைக்காவிட்டால் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடவே முடியாது.

எவ்வளவு சிரமமாக இருந்தது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் 6-இலிருந்து 20 வரை ஓர் அளவுகோலை உருவாக்கினார். ஏன் 6-இல் தொடங்குகிறது என்று விசித்திரமாகத் தோன்றும். பத்தால் பெருக்கினால் 60-இலிருந்து 200, அதாவது உத்தேசமான இதயத் துடிப்பு. ‘கொஞ்சம் கடினம்’ என்பதற்கு 13. அந்தக் காலை ஓட்டத்துக்கு நானும் 13 என்றுதான் சொல்லியிருப்பேன். கழுத்தில் எண்ணியது 132.

இப்போது ஓட்டத்துக்கு மார்புப் பட்டை, இரும்புக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நோட்டில் வியர்வை பட்டு மை கலைந்த ஒரு பக்கத்தில் பக்கவாட்டுத் தூக்கலுக்கு, மூன்று செட்டில் எத்தனை முறை தூக்கினேன் என்று, ‘5 கிலோ: 12, 11, 9’ என்று இருக்கிறது. சில பக்கங்கள் தள்ளி ‘5.5 கிலோ: 12, 12, 10’. அடுத்த வாரம் இன்னொரு கால் கிலோவை ஒட்டிப் பார்க்க வேண்டும்.