மேன்ஹோல் மூடியைத் தொடாதீர்கள்

போன ஐப்பசியில் விடிய விடிய மழை. காலையில் எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்தபோது, கசடு அடியில் படியவேண்டிய தெளிவுத் தொட்டியின் விளிம்பில் பழுப்பாகக் கசடு வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கசட்டில் வாரக்கணக்கில் வளர்த்த நுண்ணுயிர்கள் ஒரே இரவில் வெளியேறிவிட்டன. தொடர்ந்து மூன்றாவது மழைக்காலமாக இதே கதை. தெருவில் விசாரித்தால் பதிலும் அதேதான்: "முழங்கால் அளவு தண்ணீர் சார், மூடியைத் தூக்கிவிட்டோம், அரை மணியில் வடிந்துவிட்டது."

வடிந்தது என் தலையில்.

எங்கள் பழைய சுத்திகரிப்பு நிலையத்தை மேம்படுத்தும் பேச்சு எழுந்ததிலிருந்து, புதிது வந்தால் எதை விட்டாலும் தின்றுவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. தின்னாது. மோட்டார்கள் காற்றை ஊதும், அவ்வளவுதான். கழிவைத் தின்பவை பாக்டீரியாக்கள். தொழுவத்து மாடுகளைப் போல அவற்றுக்கும் வேளைக்கு அளவான தீனி வேண்டும். வெள்ளம் புகுந்தால் தொழுவம் புதிதா பழையதா என்று பார்க்குமா?

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 விழுக்காடு சாக்கடைக்கு வரும் என்றுதான் வடிவமைக்கிறோம். 50,000 பேருக்கு 54 லட்சம் லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். நிலையத்தை இரண்டு மடங்காகக் கட்டினாலும் அதன் ஒரு நாள் கொள்ளளவை அந்த ஒரு சென்டிமீட்டரே ஏறக்குறைய நிரப்பிவிடும். ஐப்பசி அடைமழை ஒரு சென்டிமீட்டரோடு நிற்கிற வழக்கமில்லை.

கடலோர ஊருக்கு இன்னொரு தலைவலி உண்டு. சில அடி தோண்டினாலே உப்புத் தண்ணீர். பழைய குழாய்களின் விரிசல் வழியே அது உள்ளே கசிகிறது. ஊரே தூங்கும் பின்னிரவு மூன்று மணிக்குக் குழாயில் தெளிந்த நீர் ஓடினால், அது யார் வீட்டுத் தண்ணீரும் அல்ல. உப்பு ஒரே அளவில் இருந்தால் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும். ஏறி இறங்கினால் துவண்டுவிடும். அதனால்தான் கூட்டந்தோறும் கத்துகிறேன்: முதலில் குழாய், அப்புறம் தொட்டி. நாங்கள் அரைகுறையாக விடும் நீர் போய்ச் சேரும் கடலில்தான் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கொண்ட, 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா இருக்கிறது.

"அப்படியானால் தேங்கிய தண்ணீரை என்னதான் செய்வது?" என்று கோபமாகக் கேட்டார் ஒருவர். ஊருணிக்குப் போகும் வரத்துக்காலைக் காட்டினேன். அதன்மேல் நின்றது அவருடைய கார் ஷெட். தண்ணியில்லாக் காடு என்று பெயரெடுத்த மாவட்டத்தில் மழைநீரைச் சாக்கடையில் கொட்டுகிறோம்!

மொட்டைமாடிக் குழாயைச் சாக்கடையில் இணைக்காதீர்கள். நாப்கின், பழந்துணி, பொரித்த எண்ணெய் எதையும் உள்ளே விடாதீர்கள். பிளீச்சிங் பவுடரை மூட்டையாகக் கொட்டுவது சுத்தமன்று, என் பாக்டீரியாக்களுக்கு விஷம். அடைப்பெடுக்க எவரையும் குழிக்குள் இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அழுகிய முட்டை வாடை வந்தால் நச்சு வாயு, ஆபத்து. வாடை திடீரென்று நின்றுபோனால் அதைவிட ஆபத்து, மூக்கு மரத்துவிட்டது என்று பொருள். நகராட்சிக்குச் சொல்லுங்கள், இயந்திரம் வரும்.

மூடியை மட்டுமாவது விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தேங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்த குழி தெரியாது. மறுநாள் காலையில் பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் நடந்து வருகிறார்கள்.