குடும்ப வண்டியை பக்கியாக்கும் முன்

திங்கட்கிழமை காலையில் பட்டறையைத் திறந்தால் இப்படி ஒரு வண்டியாவது வந்து நிற்கும். வெளியே ஒரு கீறல் இருக்காது. சேதமெல்லாம் உள்ளே. கூரைத் துணி கிழிந்திருக்கும், டாஷ்போர்டில் பள்ளம் விழுந்திருக்கும், பின்சீட்டின் பூட்டு வளைந்திருக்கும். சனி, ஞாயிறில் ஹார்ட்வேர் கடைக்குப் போய்வந்த வண்டி என்று கேட்காமலே தெரிந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பக்கம், அடிபட்ட வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவது என் தொழில். நம்மூரில் டிங்கரிங் என்போம், இங்கே பேனல்பீட்டர். திருநெல்வேலியிலிருந்து வந்து பல வருடமாகிவிட்டது. வந்த புதிதில் என்னைச் சிரிக்க வைத்த சொல் 'பக்கி'. பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டிக்கு இந்த நாட்டில் எல்லோரும் சொல்லும் பெயர் அது. "என் பக்கி எங்கே?" என்று ஒரு பெரியவர் கேட்டபோது யாரைத் திட்டுகிறார் என்று சுற்றும் முற்றும் பார்த்தேன்.

அந்த பக்கி செய்ய வேண்டிய வேலையை இப்போது குடும்ப எஸ்யூவி செய்கிறது. வண்டி உயரமாக இருக்கிறது, பின்சீட்டை மடித்தால் அறை மாதிரி இடம் கிடைக்கிறது, டெலிவரிக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம். செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் ஏற்றுகிறவன்தான். ஆனால் எல்லோரும் கேட்கிற கேள்வி "உள்ளே போகுமா?" என்பது மட்டும். வண்டி திடீரென்று நின்றால் அந்தச் சாமானை எது நிறுத்தும் என்று யாரும் கேட்பதில்லை.

சென்ற வருடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தார். மூன்று மீட்டர் மரச் சட்டங்கள் ஆறு வாங்கி, பின்கதவிலிருந்து முன்சீட்டுகளுக்கு நடுவே நீட்டி, முனையை டாஷ்போர்டின்மேல் வைத்து, பின்கதவையும் மூடிவிட்டார். வழியில் ரோபோவில், அதாவது சிக்னலில், முன்னால் போன மினிபஸ் டாக்சி சட்டென்று நின்றது. இவரும் பிரேக் போட்டு நின்றுவிட்டார். சட்டங்கள் நிற்கவில்லை. முன்கண்ணாடி உள்ளிருந்து வெளியே பிதுங்கி உடைந்தது. பக்கத்து சீட்டில் அவருடைய மகள். ஒரு சட்டம் அந்தப் பெண்ணின் தோளை உரசிக்கொண்டு போயிருக்கிறது. "அளந்து பார்த்துத்தானே தம்பி ஏத்தினேன், உள்ளே கச்சிதமாப் போச்சே" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். வண்டியில் யாரும் மோதவில்லை என்பதைக் கவனியுங்கள். வெறும் பிரேக்தான்.

மோதியிருந்தால்? 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டிக்குள் கட்டாமல் கிடக்கும் பொருளின் வேகமும் 60தான். அந்த வேகத்தோடு ஒன்றில் போய் இடிப்பது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 20 கிலோ டைல்ஸ் பெட்டியை நான்காவது மாடியிலிருந்து தலையில் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் 120 என்றால் கணக்கு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

"பின்சீட்டு தடுக்குமே" என்பார்கள். கொஞ்சம் தடுக்கும். சீட்டுகளின் வலிமைக்கு ஐ.நா.வின் 17ஆம் எண் வாகன விதிமுறை ஒன்று உண்டு. அதில் பின்சீட்டின் முதுகைச் சோதிக்கும்போது, 18 கிலோ பெட்டிகள் இரண்டைப் பின்னால் வைத்து, சுமார் 50 கி.மீ. வேகத்தில் மோதலை உண்டாக்கிப் பார்க்கிறார்கள். மொத்தம் 36 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையே 50 கிலோ. சீட்டை மடித்துவிட்டால் அந்தத் தடுப்பும் போய்விடுகிறது. ஆகவே கனமான சாமான் என்றால், முடிந்தால் பின்சீட்டை மடிக்காதீர்கள். மூட்டையைச் சீட்டின் முதுகோடு ஒட்டி, தரையோடு தரையாக வையுங்கள். பின்சீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் சீட்பெல்ட்டுகளை மாட்டிவிடுங்கள், முதுகுக்குக் கூடுதல் பிடிமானம் கிடைக்கும்.

எடைக் கணக்கு இன்னொரு வேடிக்கை. அட்டைப்பெட்டியும் மெத்தையும் ஏற்றும்போது பயப்படுகிறவர்கள், பாதி இடம் காலியாக இருக்கிறதே என்று சிமெண்ட்டை அடுக்குவார்கள். உங்கள் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் வில்லையைப் பாருங்கள். வண்டியின் வெற்று எடையும், அதிகபட்சமாக இருக்கலாம் என்ற மொத்த எடையும் அதிலேயே போட்டிருக்கும். ஒன்று 2,100, மற்றொன்று 2,735 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 635 கிலோ. பத்து மூட்டை சிமெண்ட் 500. நீங்களும் தூக்கிவிட வரும் தம்பியும் சேர்ந்து 150. அவ்வளவுதான், எல்லை தாண்டியாயிற்று. பின்னால் பார்த்தால் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கும்.

பாரமெல்லாம் பின்சக்கரத்துக்குப் பின்னால் போனால் முன்பக்கம் தூக்கும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. நம் பக்கம் இறக்கத்துக்குப் பஞ்சமா? பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் இருக்கிறது, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டவுன் ஹில். 2013 செப்டம்பரில் ஃபீல்ட்ஸ் ஹில்லில் கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று டாக்சிகள்மேல் ஏறி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை டர்பனில் யாரும் மறக்கவில்லை. லாரியும் எஸ்யூவியும் ஒன்றல்ல, சரி. ஆனால் இறக்கத்தில் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைவது இரண்டுக்கும் பொது. பாரத்தோடு இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்குங்கள். கிளம்பும் முன் டயர் காற்றையும் பாருங்கள். முழுப் பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும்.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குக் கூரைப்பலகை வாங்கினேன். நீளம் உள்ளே அடங்கவில்லை. பின்கதவைத் தூக்கியபடியே விட்டு, கயிற்றால் கட்டி, ஜன்னல்களை மூடி, ஏசி போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் ஓட்டினேன். வீடு சேரும்போது தலை வெடிக்கிற வலி, வாந்தி வருகிற மாதிரி இருந்தது. வெயில் என்று நினைத்தேன். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும். அந்த இடத்தில் சுழலும் புகை, பின்கதவு திறந்திருந்தால் உள்ளேதான் வரும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையோ நிறமோ கிடையாது. அன்று பின்னால் குழந்தைகள் இல்லை. வேறு வழியே இல்லாமல் கதவைத் திறந்து ஓட்டுவதானால் முன்ஜன்னல்களை இறக்குங்கள், ஃபேனை வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைத்து வேகமாக ஓடவிடுங்கள், தூரத்தைக் குறையுங்கள். அதைவிட நல்லது, கடையிலேயே பலகையை வெட்டித் தரச் சொல்வது. இந்த நாட்டு மெலமைன் பலகை 2,750க்கு 1,830 மி.மீ. எந்தக் குடும்ப வண்டியிலும் அது முழுசாகப் போகாது. எத்தனை பேர் அதைச் சாய்த்துத் திணித்து, கூரைத் துணியைக் கிழித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள் தெரியுமா? எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

சாய்த்துத் திணிப்பதில் இன்னொரு ஆபத்து. பல வண்டிகளில் ஜன்னலுக்குமேல், கூரை ஓரத்துக்குள் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மோதும்போது அது திரைபோலக் கீழே இறங்க வேண்டும். அங்கே பலகையை முட்டுக்கொடுத்து வைத்தால் எப்படி இறங்கும்? ஃபார்ச்சூனர் வைத்திருப்பவர்களுக்கு: மூன்றாம் வரிசை சீட்டுகள் பக்கவாட்டில் மடிந்து மேலே தொங்குவதால் அகலம் குறையும். கடைக்குப் போகும் முன் சீட்டை மடித்துவிட்டு டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.

வெளியே நீட்டிக்கொண்டு போனால் சட்டமும் உண்டு. வண்டியின் பின்முனையைத் தாண்டி 1.8 மீட்டருக்குமேல் சாமான் நீளக் கூடாது. 300 மி.மீ.க்குமேல் நீண்டாலே பகலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், அதுவும் 300 மி.மீ. சதுரத்துக்குக் குறையாமல். பழைய பிளாஸ்டிக் பையைக் கட்டித் தொங்கவிடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

மரமும் சிமெண்ட்டும் மட்டுமல்ல. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் கொண்டுபோகாத வீடு நம்மில் எத்தனை? வீட்டில் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க அண்டாவோடு டிக்கியில் ஏற்றி, முன்னால் பிள்ளைகளும் ஆத்தாவும் உட்கார்ந்து போகிற வண்டிகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். 40 லிட்டர் அண்டா 40 கிலோவுக்குமேல். அடி வழவழப்பு. கூழ் தோலில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர்போல வழிந்து ஓடாது. அண்டாவுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். பின்சீட்டின் முதுகோடு ஒட்டி வைத்து, சுற்றி இருக்கும் இடைவெளியில் சுருட்டிய கம்பளியைத் திணியுங்கள். மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். முக்கால் பங்குக்குமேல் நிரப்ப வேண்டாம். பிள்ளைகளை மாமா வண்டியில் அனுப்புங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அதற்கான இருக்கை கட்டாயம் என்று 2015லிருந்தே சட்டம் இருக்கிறது. அண்டாவுக்கு இடம் வேண்டும் என்று அந்த இருக்கையைக் கழற்றி வைத்த வீடுகளும் எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு வாழைமரம் ஏற்றுவதும் உண்டு. அதில் உயிர் ஆபத்து குறைவு, ஆனால் வாழைக்கறை சீட்டிலிருந்து போகவே போகாது. பழைய பெட்ஷீட்டை விரித்துவிடுங்கள்.

தண்ணீர் வேறு கதை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராதபோது, எல்லோர் வண்டியிலும் 25 லிட்டர் கேன்கள்தான். பாதி நிரம்பிய கேன் முழுக் கேனைவிட மோசம். வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியையும் சேர்த்து இழுக்கும். முழுசாக நிரப்பி, நிற்க வைத்து, ஒன்றோடு ஒன்று நெருக்கிக் கட்டுங்கள். கேஸ் சிலிண்டரையும் நிற்க வைத்தே கொண்டுபோக வேண்டும். வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து வைத்து, வழியில் வேறு எங்கும் நிற்காமல் நேரே வீட்டுக்கு. டர்பன் வெயிலில் அதை வண்டியில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குள் போகாதீர்கள்.

கட்டுவதற்கு எது? பிடியை அசைத்து இறுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள். டிக்கியின் தரையில் இருக்கும் இரும்பு வளையங்கள் அதற்குத்தான். நைலான் கயிறு இழுபடும். இரு முனையிலும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு எனக்கு அறவே பிடிக்காது. கைதவறினால் கொக்கி நேராகக் கண்ணுக்கு வரும். குழந்தை இருக்கை மாட்டும் வளையத்தில் சாமானைக் கட்டாதீர்கள்.

இத்தனையும் முடியாத சாமான் என்றால் டிரெய்லர் வாடகைக்கு எடுங்கள். பல ஹார்ட்வேர் கடைகளிலேயே கிடைக்கும். கார் ஓட்டும் சாதாரண கோட் பி லைசென்ஸிலேயே மொத்த எடை 750 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். அல்லது பக்கி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எந்தத் தெருவிலும் இருப்பார். டீசல் போட்டு, ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தால் வந்துவிடுவார்.

எதில் ஏற்றினாலும் ஐந்து நிமிடம் ஓட்டியதும் ஓரமாக நிறுத்தி, இறங்கிப்போய் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வேகத்தடையிலேயே சாமான் அமர்ந்துகொள்ளும், பெல்ட் தளர்ந்திருக்கும்.