சவுண்ட்டிராக்: ஒலித்தடமா, பின்னணி இசையா, பாடல் தொகுப்பா?

டிஸ்னியின் 1994 படமான 'தி லயன் கிங்' சவுண்ட்டிராக் அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதி என்ற அளவைத் தொட்டு வைரச் சான்று வாங்கியது என்று எழுதுகிறோம். அதே சவுண்ட்டிராக்குக்காக ஹான்ஸ் ஸிம்மர் ஆஸ்கார் வாங்கினார் என்றும் எழுதுகிறோம். குட்டி சிம்பாவைப் பாறை நுனியில் தூக்கிக் காட்டும் காட்சி வந்தால், 'அந்த இடத்து சவுண்ட்டிராக்கைக் கேட்டாலே சிலிர்க்கும்' என்கிறோம். சொல் ஒன்றுதான், பொருள் மூன்று. முதலில் சொன்னது கடையில் விற்ற வட்டு. இரண்டாவது, காட்சிகளுக்காக ஸிம்மர் அமைத்த இசை. மூன்றாவது, அந்தக் காட்சி ஓடும்போது காதில் விழும் மொத்த ஒலி. ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் உண்டு. தமிழுக்குக் கொண்டுவரும்போது அதையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை.

சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். டிஜிட்டலுக்கு முந்தைய 35 மி.மீ. பிலிம் சுருள் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரங்களில் துளைகள், நடுவில் படங்கள். படத்துக்கும் ஒரு பக்கத்துத் துளைகளுக்கும் இடையே சுமார் இரண்டரை மி.மீ. அகலத்தில் ஒரு கோடு சுருள் முழுக்க ஓடும். உற்றுப் பார்த்தால் அதன் விளிம்பு அலை அலையாக ஏறி இறங்குவது தெரியும். அதுதான் ஒலி. புரொஜெக்டருக்குள் ஒரு சிறு விளக்கின் கீற்று அந்தக் கோட்டின் வழியாகப் பாயும். கோடு விரியும்போதும் குறுகும்போதும் வெளிச்சம் கூடிக் குறையும். அந்தப் பக்கம் இருக்கும் ஒளிமின்கலம் அதை மின்சாரமாக்கும், ஒலிபெருக்கி அதைப் பேச்சாகவும் பாட்டாகவும் மாற்றும். ஒலியைப் படிக்கும் பகுதி படம் விழும் சன்னலுக்குக் கீழே இருப்பதால், ஒரு காட்சிக்கான ஒலியைச் சுமார் 20 பிரேம் முன்னதாகவே பிலிமில் அச்சிட்டிருப்பார்கள். ஆபரேட்டர் சுருளை மாட்டும்போது அந்த இடைவெளி பிசகினால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகும்.

இந்தக் கோட்டுக்கு 1920களில் வைத்த பெயர்தான் சவுண்ட்டிராக். 1927இல் வந்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்தின் ஒலி பிலிமில் இல்லை, தனித் தட்டில் ஓடியது. தட்டும் படமும் ஒத்துப்போவது பெரும்பாடு. சில ஆண்டுகளிலேயே பிலிமின் ஓரத்தில் ஒலியை அச்சிடும் முறை வென்றுவிட்டது. நொடிக்கு 24 பிரேம் என்ற கணக்கு நிலைத்ததும் ஒலியால்தான். வேகம் மாறினால் குரலும் மாறிவிடுமே.

சரி, தமிழில் என்ன? டிராக் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நடந்து போனதன் அடையாளம் என்பதே அதன் அடிப்பொருள். நம் 'தடம்' அப்படியே அதுதான். மணலில் கால்தடம், வண்டித்தடம், தடம் பார்த்துப் போவது. ஆகவே ஒலித்தடம். இந்த இணைச்சொல்லில் எனக்கு முழுத் திருப்தி உண்டு. பலர் எழுதும் 'ஒலிப்பதிவு' இதற்குச் சரிவராது. ஒலிப்பதிவு ஒரு செயல். அதைச் செய்பவர் ஒலிப்பதிவாளர், செய்யும் இடம் ஒலிப்பதிவுக் கூடம். செயலுக்கும் அதில் உருவான பொருளுக்கும் ஒரே பெயர் வைத்தால் 'ஒலிப்பதிவு எங்கே நடந்தது' என்பதும் 'ஒலிப்பதிவு எத்தனை விற்றது' என்பதும் முட்டிக்கொள்ளும்.

தடம் என்ற சொல் இன்னொரு விதத்திலும் உதவும். ஒரு படத்தின் ஒலி ஒற்றைக் கோடாக முடிவதற்கு முன்னால் பல கோடுகளாக இருக்கும். வசனத்துக்கு ஒன்று, இசைக்கு ஒன்று, காலடி, கதவு, இடி போன்ற ஓசைகளுக்கு ஒன்று. டப்பிங்கில் இந்தப் பிரிவு கண்கூடு. 2019இல் புதிதாக எடுத்த 'லயன் கிங்' தமிழில் வந்தபோது சிம்பாவுக்கு சித்தார்த்தும் ஸ்காருக்கு அரவிந்த்சாமியும் பேசினார்கள். மாறியது வசனத்தடம். வாத்திய இசையும் ஓசைகளும் இருந்த தடங்கள் அப்படியே இருந்தன. வசனத்தடம், இசைத்தடம், ஓசைத்தடம், மூன்றும் கலந்தால் ஒலித்தடம். கணக்கு சரியாக வருகிறது.

அப்புறம் எப்படி இந்தச் சொல் வட்டுக்குப் பெயரானது? 1938 தொடக்கத்தில் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' பாடல்கள் இசைத்தட்டுத் தொகுப்பாக விற்பனைக்கு வந்தன. படத்தில் கேட்ட அதே குரல்கள், அதே ஓசைகள் என்பதுதான் விளம்பரம். திரைப்பட ஒலியை அப்படியே விற்ற முதல் தொகுப்பாகப் பொதுவாக இதைச் சொல்வார்கள். அதுவரை கிடைத்தவை பெரும்பாலும் வேறு பாடகர்கள் தனியாகப் பாடிய தட்டுகள். 'இது படத்தின் ஒலித்தடத்திலிருந்தே எடுத்தது' என்று உறுதி கொடுக்கத்தான் சவுண்ட்டிராக் என்ற சொல் உறைமேல் ஏறியது. காலப்போக்கில் 'எடுத்தது' போய் உறைக்குள் இருப்பதே சவுண்ட்டிராக் ஆகிவிட்டது. இன்று பெரும்பாலான தியேட்டர்களில் பிலிமே இல்லை, ஒலி வெறும் கோப்பு. பெயர் மட்டும் நிற்கிறது.

உண்மையான பொருளில் சவுண்ட்டிராக்கை விற்றவர்கள் என்றால் நம் ஊர்க் 'கதை வசனம்' இசைத்தட்டுக்காரர்களையும் ஒலிநாடாக்காரர்களையும்தான் சொல்ல வேண்டும். பாட்டு, பேச்சு, வாள் ஓசை எல்லாமாகப் படத்தின் ஒலியைச் சுருக்கிக் கொடுத்தார்கள். கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஒலிபெருக்கியில் அதைக் கேட்டே முழுப் படத்தையும் மனப்பாடம் செய்த தலைமுறை உண்டு. ஒலித்தடம் என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை.

வட்டு என்ற பொருளுக்கு வருவோம். 1994 மே 31 அன்று வெளியான 'லயன் கிங்' வட்டில் 12 உருப்படிகள். அவற்றில் ஐந்து, படத்தில் வரும் பாடல்கள். எல்டன் ஜான் இசையமைக்க, டிம் ரைஸ் எழுதியவை. நான்கு, ஸிம்மரின் பின்னணி இசை. கடைசி மூன்றும் அந்தப் பாடல்களில் சிலவற்றையே எல்டன் ஜான் தன் குரலில், வானொலிக்கு ஏற்ற பாப் வடிவில் பாடியவை. இந்த மூன்று படத்தின் கதைக்குள் யாரும் பாடுவதில்லை. வளர்ந்த சிம்பாவுக்குப் பேசியவர் மேத்யூ பிராடரிக், பாடியவர் ஜோசப் வில்லியம்ஸ். பின்னணிப் பாடகர் என்ற நம் சொல் இங்கே கச்சிதமாகப் பொருந்தும். இப்படி ஒரே உறைக்குள் மூன்று வகைச் சரக்கு இருக்க, மொத்தத்தையும் ஒலித்தடம் என்பது தவறு. இசைத்தொகுப்பு என்பதே சரி.

ஆனால் படத்தின் முதல் நொடியில், சூரியன் எழும்போது வெடித்து வரும் அந்தக் குரல் எந்த வகை? 'நான்ட்ஸ் இங்கொன்யாமா பகிதி பாபா' என்று தொடங்கும் சுலு மொழி அழைப்பு அது. 'இதோ சிங்கம் வருகிறது, அப்பா' என்பது பொருள். இங்கொன்யாமா என்றால் சிங்கம். சுலு மன்னரைப் போற்றும்போதும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். பாடியவர் லெபோ எம். தென் ஆப்பிரிக்காவின் சோவெட்டோவில் பிறந்து, நிறவெறி ஆட்சிக் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்தவர். 1992இல் 'தி பவர் ஆஃப் ஒன்' படத்திலேயே ஸிம்மரோடு வேலை செய்திருந்தார். 'லயன் கிங்' கூட்டுக்குரல்களைக் கட்டியமைத்ததும் அவரே. 'கிங் ஆஃப் பிரைட் ராக்' என்ற உருப்படியில், சிம்பா பாறைமேல் ஏறும்போது கேட்கும் 'புசா' என்பதும் சுலுதான். 'ஆட்சி செய்' என்று அர்த்தம். தென் ஆப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் சேர்ந்து வாக்களித்த முதல் தேர்தல் 1994 ஏப்ரல் இறுதியில் நடந்தது. வட்டு வந்தது அடுத்த மாதம். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஒரு சொல்லைக் கேட்டுப் பாருங்கள்.

லெபோ எம்முக்கு 1995 கிராமியில் ஸிம்மரோடு சேர்ந்து விருது கிடைத்தது. பிரிவு, குரலோடு சேர்ந்த வாத்திய இசை ஒழுங்கமைப்பு. சிறந்த பாடலுக்கான ஆஸ்கார் எல்டன் ஜானுக்கும் டிம் ரைஸுக்கும், சிறந்த இசைக்கானது ஸிம்மருக்கும் போனது. உலகமே முணுமுணுக்கும் அந்தத் தொடக்கத்துக்குச் சொந்தக்காரர் 'பாடல்' பட்டியலிலும் இல்லை, 'இசை' பட்டியலிலும் இல்லை. எல்டன் ஜானின் பாப் வடிவத்தில் அந்த அழைப்பே கிடையாது. கேட்டால் நல்ல பாட்டு, ஆனால் காடு விடியாது. சொற்களைப் பிரித்து எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். 'சவுண்ட்டிராக்: எல்டன் ஜான், ஹான்ஸ் ஸிம்மர்' என்று முடித்துவிட்டால் இந்த மனிதர் வரிக்கு வெளியே நிற்கிறார். 'பாடல் இசை எல்டன் ஜான், பின்னணி இசை ஹான்ஸ் ஸிம்மர், கூட்டுக்குரல் அமைப்பு லெபோ எம்' என்று எழுத ஒரு வரிதான் ஆகும்.

இன்னும் வருத்தமான கதை சாலமன் லிண்டாவுடையது. சிம்பாவின் நண்பர்கள் டிமோனும் பும்பாவும் காட்டில் நடந்துகொண்டே இரண்டு வரி பாடுவார்களே, அதன் வேர் 1939இல் ஜோகன்னஸ்பர்க் காலோ ஸ்டூடியோவில் லிண்டா பதிவு செய்த 'ம்புபே'. அந்தச் சொல்லுக்கும் சிங்கம் என்றே பொருள். ஒரு சுலு கூட்டுப்பாடல் பாணிக்கே பின்னாளில் அந்தப் பெயர் வந்தது. உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். அமெரிக்காவில் 'உயிம்புபே' என்பதை 'விமோவே' என்று காதில் வாங்கிப் பாடினார்கள். 1961இல் ஆங்கில வரிகளோடு 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்ற பெயரில் அந்தப் பாட்டு அங்கே முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு லிண்டா வறுமையில் இறந்தார். 2004இல் அவர் குடும்பத்தின் சார்பில் டிஸ்னி மீது வழக்குப் போட்டார்கள், 2006இல் சமரசம் ஆனது. அந்த வரிகள் 1994 வட்டில் இல்லை. படத்தின் ஒலித்தடத்தில் உண்டு, இசைத்தொகுப்பில் கிடையாது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பவர் இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது.

'ஆப்பிரிக்க இசை' என்று பொதுவாக எழுதுவதையும் விட்டுவிடலாம். 'ஹகுனா மட்டாடா' கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி. கூட்டுக்குரல்கள் தெற்கின் சுலு. நைரோபிக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 3,000 கி.மீ. மொழியின் பெயரைச் சொல்வதே மரியாதை.

படத்தின் பின்னணி இசைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஸ்கோர் என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். பழைய நார்ஸ் மொழியில் அது கணக்குக்காகக் குச்சியில் வெட்டும் கீறல். இசைக்குறிப்பில் பல கருவிகளின் வரிகளை ஒன்றாகக் கட்ட மேலிருந்து கீழாகக் கோடு கிழிப்பார்கள். அந்தக் கீறலால் அந்தத் தாளுக்குப் பெயர் வந்தது, பிறகு படத்துக்காக எழுதும் இசைக்கே ஆனது. தமிழில் பின்னணி இசை என்பது ஊன்றிவிட்ட சொல், மாற்ற வேண்டாம். ஸ்டூடியோவில் ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங்), ரசிகர்களிடம் பி.ஜி.எம். இரண்டுக்கும் அதுவே போதும். பின்னணிப் பாடகர் என்பதில் உள்ள பின்னணி திரைக்குப் பின்னால் என்ற பொருளில் வருவது, இதில் வருவது காட்சிக்குப் பின்னால் என்பது. பழகிய காதுக்குச் சிக்கல் இல்லை. ஆர்கெஸ்ட்ராவுக்கு மட்டும் ஓர் ஆசை உண்டு. திருமுருகாற்றுப்படையில் 'அந்தரப் பல்லியம் கறங்க' என்று வருகிறது. பல இயங்கள் சேர்ந்தது பல்லியம். கல்யாணக் கச்சேரிக் குழுவையும் நாம் ஆர்கெஸ்ட்ரா என்றே சொல்வதால், வயலினும் எக்காளமும் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்த குழுவுக்குப் பல்லியம் என்று எழுதிப் பழகலாம்.

2018 'பிளாக் பேந்தர்' படக்காரர்கள் வேலையை நமக்குச் சுலபமாக்கினார்கள். இசையமைப்பாளர் லுட்விக் கோரன்சன் செனகலுக்குப் போய்ப் பாடகர் பாபா மாலோடு பயணம் செய்து, மசாம்பா டியோப்பின் 'தமா' முரசைப் பல்லியத்தோடு சேர்த்தார். நம் உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கியது, கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும். அது நாயகன் ட்சாலாவின் பெயரையே உச்சரிக்கிறது. அந்த இசைக்கு ஆஸ்கார் கிடைத்தது. அது ஒரு தனி வட்டு. ராப் பாடகர் கெண்ட்ரிக் லமார் பொறுப்பில், தென் ஆப்பிரிக்கக் கலைஞர்களும் சேர்ந்து ராப், பாப் பாடல்களாக வந்தது இன்னொரு வட்டு. இரண்டும் 2018 பிப்ரவரியிலேயே வந்தன. கெண்ட்ரிக்கின் வட்டைப் பாடல் தொகுப்பு என்றும் கோரன்சனின் வட்டைப் பின்னணி இசைத் தொகுப்பு என்றும் எழுதுங்கள். தியேட்டரில் கேட்டதைப் பற்றி எழுதும்போது மட்டும் ஒலித்தடம் என்று போடுங்கள்.