ஹார்மோன் ஊசியும் தொப்பையும்: தொடைத் தசை இரத்தத்தில் என்ன கலக்கிறது?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 68 வயது, புராஸ்டேட் புற்றுநோய், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். ஊசி ஆரம்பித்ததிலிருந்து சாப்பாடு ஒன்றும் கூடவில்லை, ஆனாலும் தொப்பை வளர்கிறது, கைகால் சூம்புகிறது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். பார்க்க வருகிற சொந்தக்காரர்களோ, "கேன்சர் வந்த மனுஷனை இளைக்க வைக்கலாமா, நல்லா சாப்பிடச் சொல்லு" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

சொந்தக்காரர்களின் பயம் நியாயமானதுதான். புற்றுநோயில் ஆள் உருகிப்போவதைப் பார்த்தவர்கள் அவர்கள். முயற்சி எதுவும் இல்லாமல் எடை தானாக இறங்கினால் உடனே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்த அப்பாவுக்கு நடப்பது அதற்கு நேர்மாறானது.

1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், ஆண் ஹார்மோனை நிறுத்தினால் புராஸ்டேட் புற்றுநோய் அடங்குகிறது என்று காட்டினார். 1966-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஊசியும் அதே வேலையைத்தான் செய்கிறது, டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஆண் ஹார்மோனை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், தசையைக் கட்டிக்காப்பதும் அதே டெஸ்டோஸ்டிரோன்தான். ஊசி போட்டுக்கொண்ட ஆண்களை 48 வாரம் அளந்து பார்த்த ஓர் ஆய்வில் உடல் கொழுப்பு சுமார் 9 சதவீதம் கூடியிருந்தது, கொழுப்பு நீங்கலான எடை கிட்டத்தட்ட 3 சதவீதம் குறைந்திருந்தது. எடை மெஷினில் ஏறி நின்றால் ஒன்றிரண்டு கிலோதான் வித்தியாசம் தெரியும், உள்ளே சரக்கே மாறிப்போயிருக்கும். வயிற்றுக் கொழுப்பு கூடக்கூட, இரத்தத்துச் சர்க்கரையைச் செல்களுக்குள் அனுப்பும் இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாது. அப்போது இரத்தத்தில் சர்க்கரை தேங்கும், சர்க்கரை நோயும் இதயநோயும் வரும் வாய்ப்பு கூடும்.

ஆகவே வெறும் பட்டினி உதவாது. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும், அவருக்கு ஏற்கெனவே பற்றாக்குறையாக இருப்பதும் அந்தத் தசைதான்.

சரி, தசைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எலும்பை இழுக்கும் கயிறு மாதிரிதான் தசையை நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் அது ஒரு சுரப்பியும்கூட. சுருங்கும்போதெல்லாம் மயோகைன் என்ற சிறு புரதங்களை இரத்தத்தில் விடுகிறது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலுள்ள எடித் கோவன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் ஒன்று செய்து பார்த்தார்கள். ஹார்மோன் சிகிச்சையில் இருந்த, உடல் பருமனான பத்து புராஸ்டேட் நோயாளிகளுக்கு 12 வாரம் எடை தூக்கும் பயிற்சி, நடை, கூடவே கொழுப்பைக் குறைத்துத் தசையைக் காப்பாற்றும் உணவு ஆலோசனை. தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பின்பும் இரத்தம் எடுத்தார்கள், உடற்பயிற்சி முடித்த கையோடு இல்லை, ஓய்வாக இருக்கும்போது. அதிலிருந்து பிரித்த சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீரை, ஆய்வகத் தட்டில் வளரும் புராஸ்டேட் புற்றுநோய் செல்கள் மேல் விட்டார்கள். 12 வாரத்துக்குப் பிந்தைய சீரத்தில் அந்தச் செல்கள் மெதுவாக வளர்ந்தன! ஸ்பார்க், ஆன்கோஸ்டேட்டின் எம் போன்ற மயோகைன்கள் அந்த இரத்தத்தில் கூடியிருந்தன.

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்கள் எடுத்த செல் வகையின் பெயர் டியூ-145. பல பத்தாண்டுகளுக்கு முன் 69 வயது மனிதர் ஒருவரின் மூளைக்குப் பரவியிருந்த கட்டியிலிருந்து எடுத்து இன்றுவரை ஆய்வகங்களில் வளர்த்துவருகிறார்கள். அது வளர்வதற்கு டெஸ்டோஸ்டிரோன் தேவையே இல்லை. அப்படியென்றால் இந்தச் சீரம் அதை மெதுவாக்கியது டெஸ்டோஸ்டிரோன் வழியாக இருக்க முடியாது, ஊசி அடைக்கும் கதவு ஒன்று, தசை தட்டுகிற கதவு வேறொன்று. டெஸ்டோஸ்டிரோன் இல்லாத உடம்பிலும் பயிற்சி கொடுத்தால் தசை இப்படி வேலை செய்கிறது என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பத்து பேர்தான், தட்டில் நடந்தது உடம்பில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். உணவை மட்டும் மாற்றினால் போதுமா என்றால், அமெரிக்காவில் சிகிச்சை தொடங்காமல் கண்காணிப்பில் மட்டும் இருந்த புராஸ்டேட் நோயாளிகள் 478 பேரில் ஒரு பாதியினரை இரண்டு ஆண்டு காய்கறி அதிகம் சாப்பிடவைத்த ஆய்வில் நோயின் முன்னேற்றம் குறையவில்லை, 2020-ல் முடிவு வந்தது. காய்கறி கெட்டது என்று அர்த்தமில்லை, அதுவே மருந்தாகிவிடாது என்றுதான் அர்த்தம். நம் வாட்ஸ்அப் குழுக்களில் "சர்க்கரையை நிறுத்தினால் கேன்சர் செல் பட்டினியில் செத்துவிடும்" என்று சுற்றும் செய்தியை நம்பி சோறு, பழம், பால் எல்லாவற்றையும் விட்டு, கஞ்சித் தண்ணீரோடு படுத்துவிடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் கல்லீரல் தயாரித்துக் கொடுத்துவிடும், அதற்கு மூலப்பொருளாகப் போவது தசையிலிருக்கும் புரதம்.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சிக்குக் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் எந்த மருந்துக் கம்பெனியும் அதை ஆயிரம் பேரிடம் சோதிக்கப் பணம் போடாது. அரசுதான் போட வேண்டும். அரிசிச் சோறு சாப்பிடும் நம் ஊர் ஆண்களிடம், நம் ஊர் வெயிலில், இதைப் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பெரம்பூர் வாசகருக்கு: ஹார்மோன் ஊசி எலும்பையும் மெலிய வைக்கும், நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் எடை தூக்குவது ஆபத்தாகலாம், ஆகவே முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சரி என்றால், காலையில் வெயில் ஏறுவதற்குள் பார்க்கில் நடை, அப்புறம் வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ரப்பர் பட்டை இழுப்பது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் தட்டில் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் சுண்டல், முட்டை, மீன், கெட்டிப் பருப்பு வையுங்கள். அடுத்த ஊசிக்குப் போகும்போது எடையோடு இடுப்புச் சுற்றளவையும், அரை நிமிடத்தில் கையை ஊன்றாமல் அவர் எத்தனை முறை எழுகிறார் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.