வைப்ரேஷன்: அதிர்வா, உதறலா?

மூலக்கடை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று வடசென்னையில் எந்த மெக்கானிக் கடைக்குப் போய் "ஸ்லோல வைப்ரேஷன் வருதுண்ணா" என்று சொன்னாலும், கைதேர்ந்தவர் உடனே பானட்டைத் திறக்க மாட்டார். "ஒரே மாதிரியா ஆடுதா, வுட்டு வுட்டு உதறுதா?" என்றுதான் முதலில் கேட்பார். வைப்ரேஷன் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் அடங்கிக் கிடக்கின்றன. தமிழில் அவற்றுக்குத் தனித்தனிச் சொல் உண்டு.

வைப்ரேஷனின் வேர் லத்தீன் மொழியின் 'விப்ராரே'. துடிக்கச் செய்தல், ஈட்டியை ஓங்கி ஆட்டுதல் என்றெல்லாம் பொருள். முன்னும் பின்னும் வேகமாக ஆடும் எதற்கும் அது பொருந்தும். ஆட்டம் சீரானதா, தாறுமாறானதா என்பதை அது சொல்வதில்லை.

நம் பாடநூல்கள் இதற்கு அதிர்வு என்று எழுதுகின்றன. மிகப் பழைய சொல். "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்" என்று தொல்காப்பிய உரியியலிலேயே வருகிறது. இரண்டு சொல்லும் நடுக்கத்தைக் குறிக்கும் என்பது நூற்பாவின் கருத்து. விதிர்விதிர்த்துப் போனான் என்று இன்றும் எழுதுகிறோம். அதிர்வுக்கு ஒலியும் சேர்ந்த பொருள் உண்டு: முரசு அதிர்ந்தது, வேட்டுச் சத்தத்தில் வீடே அதிர்ந்தது. நடுக்கமும் முழக்கமுமாக, விடாமல், சீராக வருவதுதான் அதிர்வு.

உதறல் வேறு. உதறு என்றால் வெட்டி வெட்டி அசைத்தல். கம்பெனி காலத்துத் துணி வணிகத்துக்காகச் சலவைத் தொழிலாளர் குடியேறிப் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டையில் இதற்கு விளக்கமே வேண்டாம். ஈரத் துணியை உதறும்போது ஒரு வெட்டு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு வெட்டு.

கடைகளில் 'ஸ்லோ' என்பது ஐடிலிங்கைத்தான். பழைய ஆங்கிலத்தில் 'ஐடில்' என்ற சொல்லுக்கு வெறுமை, பயனின்மை என்று பொருள். அதனால் வெற்றோட்டம் என்ற தமிழ்ச் சொல் இதற்கு நன்றாகவே பொருந்தும்: வண்டியை நகர்த்தும் வேலை இல்லாமல் வெறுமனே ஓடும் ஓட்டம். சூடேறிய பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை இப்படி ஓடும். வேகத்தில் மறைந்துபோகும் கோளாறு, பேசின் பிரிட்ஜ் நெரிசலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் வந்து நிற்பதற்கு இந்தக் குறைந்த சுற்றுதான் காரணம்.

முதலில் உதறலைப் பார்ப்போம். அலட்சியம் செய்யக் கூடாதது இதுதான். நான்கு சிலிண்டர் இன்ஜின் 800 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 1,600 முறை எரிபொருள் வெடிக்க வேண்டும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் அதில் 400 வெடிப்பு குறையும். நொடிக்கு ஆறு ஏழு இடங்களில் ஓட்டை விழும். அந்த ஓட்டைதான் கையில் உதறலாகத் தெரிகிறது. இதை மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். எரிதவறல் என்று தமிழில் சொல்லலாம். சைலன்சர் வாய்க்குப் பின்னால், சற்றுத் தள்ளி உள்ளங்கையைக் காட்டினால் புகைக்காற்று சீராக வராமல் விட்டு விட்டு அறையும்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, வண்டியின் கணினி பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டைக் காட்டும் ஸ்கேனர் உதவும். பி0302 என்று காட்டினால் இரண்டாவது சிலிண்டர். அந்த சிலிண்டரின் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் அங்கேயே நின்றால் பிளக், பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், கடைசியாக சிலிண்டருக்குள் இருக்கும் கம்ப்ரஷன் (அழுத்தம்) என்று போக வேண்டும். பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஸிங் என்று சொல்லும் பி0300 வந்தால் ஒரு சிலிண்டரைக் குறை சொல்ல முடியாது. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா, வேக்குவம் குழாய் வெடித்து 'உஸ்' என்று காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். காசிமேடு, எண்ணூர் பக்கம் கடலோரம் நிற்கும் வண்டிகளில் எர்த் கம்பியின் போல்ட்டு உப்புக்காற்றில் துரு ஏறியிருந்தாலும் பொறி பலவீனமாகும். இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு மின்னினால் அதோடு ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருந்து நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் இதே காரணத்தால் இன்றைய வண்டிகளுக்கு ஆகாது. ஷாக் அடிப்பது தனி ஆபத்து.

இன்ஜின் ஓசை சீராக இருந்து, வண்டியின் உடம்பெல்லாம் அதிர்ந்து, லேசாக ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அடங்கிவிட்டால் அது அதிர்வு. மவுண்டிங்கைச் சந்தேகப்பட வேண்டும். தமிழில் இன்ஜின் தாங்கி. ரப்பர் வெடித்தோ உட்கார்ந்தோ போனால் உலோகம் உலோகத்தைத் தொட்டு, முழக்கம் நேராக வண்டிக்குள் வரும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்து நியூட்ரலிலிருந்து டி-க்கு மாற்றுங்கள். பக்கவாட்டில் நிற்பவர் கண்ணுக்கு இன்ஜின் துள்ளி எழுவது தெரிந்தால் தாங்கி போய்விட்டது. வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எண்ணெய் அடைத்த தாங்கியாக இருந்தால் கசிவுக் கறையும் காட்டிக்கொடுக்கும். புதிதை மாட்டும்போது போல்ட்டுகளைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றி, இன்ஜினின் எடை தாங்கியில் இறங்கிய பிறகே முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகி நின்று, புதுத் தாங்கியிலும் அதிர்வு தொடரும்.

மூன்று சிலிண்டர் வண்டிகளின் கதை தனி. அதே 800 சுற்றில் 1,200 வெடிப்புதான். இன்ஜினின் அமைப்பிலேயே முன்பின் ஆட்டம் உண்டு. வாங்கிய நாளிலிருந்து மாறாத மெல்லிய அதிர்வு அதன் இயல்பு. அதை நிறுத்தச் சொல்லி நல்ல தாங்கியைக் கழற்ற வேண்டாம்.