அரிவாள் வாய் மடங்கியது ஏன்?

சென்ற கோடையில் சிவகங்கைப் பக்கம் ஒரு சாலையோரப் பட்டறையில் வெட்டரிவாள் ஒன்று சொல்லி அடித்து வாங்கினேன். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன வட்டாரம் என்பதால் எதிர்பார்ப்பு கொஞ்சம் அதிகம்தான். லாரிப் பட்டையில், அதாவது லாரிக்கு அடியில் இருக்கும் வில்பட்டையில் அடித்தது, பிடியோடு 800 கிராம், முதுகு 6 மில்லிமீட்டர் கனம். வீட்டுக்கு வந்ததும் கூர் போதவில்லை என்று தோன்ற, தெருமுனையில் மெஷின் கல்லில் கொடுத்துப் பளபளவென்று தீட்டி வாங்கினேன். பிறகு கொல்லையில் இரண்டு வருடமாகக் காய்ந்து கிடந்த சீமைக்கருவேலங்கட்டையில் பத்து வெட்டுப் போட்டேன். வாயைத் தடவிப் பார்த்தால், நுனியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது.

இரும்பு சரியில்லை என்று அடித்தவர் மேல்தான் முதலில் கோபம் வந்தது.

கட்டையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மரம் என்பது நீளவாக்கில் ஒட்டிவைத்த மெல்லிய குழல்களின் கட்டு. நாரோடு நாராகப் பிளப்பது சுலபம், நாரைக் குறுக்கே அறுப்பது அதைவிடப் பல மடங்கு கடினம். விறகு பிளக்கிறவர் கட்டையை நிமிர்த்தி வைப்பதும், கிளை கழிக்கிறவர் அரிவாளைச் சாய்த்துப் போடுவதும் இதனால்தான். நேர் குறுக்கே விழும் வெட்டில் நார்கள் அறுபடாமல் நசுங்கி, இரண்டு பக்கமும் நெருக்கி, இரும்பைக் கவ்விக்கொள்கின்றன. சாய்வாகப் போட்டால் அறுபட்ட நார் சிராயாகப் பெயர்ந்து வெளியே போக வழி கிடைக்கிறது.

பச்சை மரத்தில் நாரின் சுவருக்குள்ளேயே தண்ணீர் ஊறியிருக்கும். ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை மரத்தின் பலம் அவ்வளவாக மாறாது. அதற்குக் கீழே காயக் காயச் சுவர்கள் இறுகும். 12 சதவீதத்துக்கு வந்த மரம் நசுக்கலைத் தாங்கும் திறன், பச்சையாக இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதிலும் நடுவே வைரம் பாய்ந்த பகுதி இன்னும் மோசம். எல்லாவற்றையும்விட மோசம் கணு. கிளை புறப்பட்ட இடத்தில் நார்கள் வளைந்து சுற்றிக்கொண்டு போவதால், நேராக இறங்கும் வாயைக் கணு பக்கவாட்டில் முறுக்கும். அரிவாள் கெடுவது பெரும்பாலும் ஆழமாக வெட்டும்போது அல்ல, இப்படி முறுக்குப்படும்போதுதான்.

அந்த முறுக்கு எவ்வளவு பாரத்தோடு வருகிறது? 800 கிராம் எடை, விழும்போது வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் 40 ஜூல். ஒரு கிலோ கல்லை 4 மீட்டர் உயரத்திலிருந்து போட்ட மாதிரி. அந்த ஆற்றல் முழுவதும் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் தீர்ந்தால் சராசரி விசை 2,000 நியூட்டன், அதாவது 200 கிலோ எடை ஏறி உட்கார்ந்த கணக்கு. அதைத் தாங்குவது முடியைவிட மெல்லிய ஒரு விளிம்பும் அதற்குப் பின்னால் இருக்கும் சரிவும். எடையை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும், வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்காகும். கனத்த அரிவாள்தான் நன்றாக வெட்டும் என்று கைக்கு அடங்காத எடையில் வாங்குகிறவர்கள் நஷ்டப்படுவது இங்கேதான்: வீச்சின் வேகம் குறைந்துவிடும். கனம் பிடியில் இல்லாமல் முன்பக்கம் இருந்தால் போதும்.

இப்போது இரும்பு. லாரிப் பட்டையில் கார்பன் 0.6 சதவீதம் போல இருக்கும், கூடவே கொஞ்சம் சிலிக்கனும் மாங்கனீசும். ஆயிரக்கணக்கான தடவை வளைந்து நிமிரவே செய்த எஃகு அது. நம் ஊர்ப் பழைய உருக்கு, உலகம் உட்ஸ் என்று அழைத்தது, கார்பன் ஒன்றரை சதவீதம் அளவுக்குப் போகும். வாளுக்கு அது பெருமை. ஆனால் சீமைக்கருவேலக் கணுவில் போட என்னிடம் ஒன்று இருந்தாலும் எடுக்கமாட்டேன், தெறித்துவிடும் என்ற பயம்; பட்டைதான் சரி.

பட்டையை அரிவாள் ஆக்குவது சம்மட்டி என்று நினைப்போம். சம்மட்டி உருவத்தைத்தான் கொடுக்கிறது, உயிர் கொடுப்பது தோய்ச்சல், அதாவது பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவது. அரிவாள் வாங்கின அன்று, அதைப் பகல் வெளிச்சத்தில் செய்யமாட்டேன் என்று சொல்லிப் பொழுது சாயும்வரை என்னை உட்காரவைத்தார் பட்டறைக்காரர். சூட்டை நிறத்தால்தான் அளக்கிறார், வெயிலில் நிறம் ஏமாற்றும். 800 டிகிரியைத் தாண்டியதும் இரும்பின் அணுக்கள் வேறு அடுக்குக்கு மாறுகின்றன. அந்த அடுக்கில் கார்பன் அணுக்கள் புகுந்து உட்கார இடம் உண்டு. மெல்ல ஆறவிட்டால் பழைய அடுக்குக்குத் திரும்பும்போது கார்பன் ஒதுங்கிப் போய்விடும். சட்டென்று குளிரவைத்தால் ஒதுங்க நேரமில்லை. நெரிசலில் மாட்டிக்கொண்டு அடுக்கையே இழுத்து விறைக்க வைக்கும். அந்த விறைத்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர், ஜெர்மானிய உலோகவியலர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் நினைவாக. கண்ணாடி மாதிரி கடினம், கண்ணாடி மாதிரியே தெறிக்கும்.

அவர் வாயை மட்டும் இரண்டு விரல் ஆழம் தண்ணீரில் முக்கினார். முதுகு வெளியே சிவந்தபடி இருந்தது. எடுத்தவுடன் ஒரு கல் துண்டால் வாயோரம் பரபரவென்று தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் மிஞ்சிய சூடு மெல்ல வாய்க்கு இறங்கியது. தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் ஓடியது, அது பழுப்பாகி, பழுப்பு ஊதாவாகத் திரும்பிய நொடியில் முழு அரிவாளையும் தண்ணீருக்குள் விட்டார்.

அந்த நிறங்கள் சாயம் அல்ல. சூடு ஏற ஏற மேலே படரும் ஆக்சைடு படலம் தடிக்கிறது, அதன் தடிமனுக்கு ஏற்ப ஒளி நிறம் மாறித் திரும்புகிறது, சோப்புக் குமிழியில் தெரிகிற மாதிரி. வைக்கோல் நிறம் 230 டிகிரி வாக்கில், ஊதா 280, நீலம் 300. இந்த இளஞ்சூட்டில் மாட்டிக்கொண்ட கார்பனில் கொஞ்சம் வெளியேறி, விறைப்பு தளர்கிறது. வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தினால் வாய் கடினமாக இருக்கும், கணுவில் பல் பல்லாகத் தெறிக்கும். நீலமும் தாண்டிப் போகவிட்டால் தெறிக்காது, ஆனால் மடங்கும். முதுகு முழுதாகத் தோயாததால் மெத்தென்றே இருந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

ஆக, கடினக்கட்டையில் வெட்டிப் பார்ப்பது எத்தனை வெட்டில் கட்டை துண்டாகிறது என்று எண்ணுவதற்கு அல்ல. வெட்டியபின் வாய் என்ன ஆனது என்று பார்ப்பதற்கு. அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்ற கொல்லர் அமைப்பின் தேர்வும் இந்த வழியில்தான் போகிறது. தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். அடுத்து மரச்சட்டத்தை இரண்டு முறை துண்டாக்க வேண்டும். அதே கத்தியால் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் கத்தியை இடுக்கியில் பிடித்து 90 டிகிரி வளைப்பார்கள், முறியக்கூடாது. கயிறு கூரைச் சோதிக்கிறது, கட்டை கடினத்தை, வளைப்பு முறியாத்தன்மையை. மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடும் குணங்கள்.

மடங்கிய அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போனேன். அவர் வாதம் எதுவும் பண்ணவில்லை. அரத்தை எடுத்து வாயில் ஒரு முனையிலிருந்து இழுத்துக்கொண்டே வந்தார். கீச்சென்று வழுக்கியது. மடங்கிய இடம் வந்ததும் சத்தம் மாறியது, அரம் பிடித்தது, பொடி உதிர்ந்தது.

"தம்பி, இத மெஷின் கல்லுல புடிச்சீகளா?"

"ஆமாண்ணே."

"தண்ணி விட்டு புடிச்சாகளா?"

நான் பதில் சொல்லவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். சரிவில் நகக்கண் அளவுக்கு ஒரு நீலத் திட்டு. மெஷின் கல்லில் பொறி பறக்கும்போது அந்த மெல்லிய விளிம்பு சில நொடிகளில் 300 டிகிரியைத் தாண்டிப் போயிருக்கிறது. அவர் ஊதாவில் பிடித்து நிறுத்தியதை, மெஷின் நீலத்துக்கும் அப்பால் கொண்டுபோய்விட்டது. சூடு ஏறியது நுனியிலிருந்து நாலு விரற்கடை தள்ளிய அந்த இடத்தில் மட்டும், சுருண்டதும் அங்கேதான்.

திரும்பத் தோய்க்கவில்லை. கெட்ட விளிம்பை இரண்டு மில்லிமீட்டர் போல, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கைக்கல்லிலேயே தேய்த்து எடுத்தார், ஒரு மணி நேரம் பிடித்தது. வாய்க்குப் பின்னால் லேசாக வயிறு வைத்து, இரண்டு சரிவும் சேர்ந்து 40 டிகிரி போல விட்டார். சமையல் கத்தியைவிட மழுங்கல்தான், ஆனால் அந்த வயிறு சிராயைத் தள்ளிவிடுவதால் கட்டை கவ்வாது.

அதே கட்டை, அதே கணு, இந்தமுறை முப்பது வெட்டு. ராத்திரி ட்யூப்லைட் அடியில் வாயை மேல்நோக்கிப் பிடித்துப் பார்த்தேன். கூரான விளிம்புக்கு ஒளியைத் திருப்பி அனுப்ப அகலம் கிடையாது, இருட்டாகவே இருக்கும். மழுங்கியிருந்தாலோ மடங்கியிருந்தாலோ அங்கே ஒரு கோடு மினுக்கும். கணுவில் பட்ட இடத்தில் கடுகளவு ஒரு மினுக்கம், மற்றபடி முழு நீளமும் இருட்டு.